கடல் கடந்து வந்த ஆலோசனை



நீங்கள் தூத்துக்குடிக்கு எத்தனை முறை வந்து சென்றிருந்தாலும் பழைய துறைமுகத்தின் பக்கம் போயிருக்க மாட்டீர்கள் என்றே எண்ணுகிறேன். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. பெருங்கப்பல்கள் அங்கே வருகின்றன. பழைய துறைமுகம் தோணிகளுக்கு உரியது. மாலத்தீவு செல்லும் தோணியில் வெங்காய மூட்டைகளும் காய்கறிக் கூடைகளும் ஏறுவதைச் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் அங்கே நின்று பார்ப்பது எனக்கு நெடுநாளைய வழக்கம். 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலையிலும் அப்படித்தான் நின்றிருந்தேன். தோளில் தொங்கிய பையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓர் அறிக்கை இருந்தது. அன்று மாலைக்குள் அதனைப் படித்து முடித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட பணி.

விவரம் இதுதான். தூத்துக்குடிக்குத் தெற்கே கரையோரமாக அமைந்த நம் ஊர்களுள் ஒன்றில், ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்தும் தனியார் பள்ளி ஒன்று உண்டு. ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை நீங்கள் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. அந்த வெள்ளத்தில் இப்பள்ளியின் சுற்றுச்சுவர் சாய்ந்தது. அறிவியல் ஆய்வுக்கூடத்தில் இடுப்பளவு நீர் நின்றது. சில மாதங்கள் கழித்து மேலைநாட்டு அறக்கட்டளை ஒன்று, கட்டடத்தைச் சீரமைத்துத் தருகிறோம் என்று முன்வந்தது. அதற்கு முன்னோடியாக ஓர் ஆலோசகர் வந்தார். பதினொரு நாள் தங்கினார். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர், நம் வட்டிலப்பத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அவர் நாடு திரும்பி அனுப்பிய அறிக்கைதான் என் பையில் இருந்தது. அதிலுள்ள நிபந்தனைகளை ஏற்பதா, மறுப்பதா என்று முடிவு செய்ய அன்று மாலை நிர்வாகக் குழு கூடவிருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள்.

இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். குளித்தெடுத்த சிப்பிகளைத் திறப்பதற்கு முன்பே ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது வாங்கியவன் வீட்டுக்குப் போய்த் திறந்த பிறகே தெரியும். அறிக்கையோடு திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறி அமர்ந்தபோது அந்த ஏலம்தான் என் நினைவுக்கு வந்தது.

முள்ளக்காடு தாண்டியதும் இருமருங்கிலும் உப்பளங்கள். வெயிலில் கண் கூசுகிறது. அந்த வெளிச்சத்தில் அறிக்கையைப் பிரித்தேன். முதற்சில பக்கங்கள் நம் பிள்ளைகளின் புகைப்படங்கள். அடுத்து ஓர் அட்டவணை. மாணவர் இல்லங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தந்தை உடன் வாழாத இல்லங்கள் என்றும், ஆதலால் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை முதன்மைத் தேவை என்றும் அது கூறியது. வாசகர்களே, நீங்களே சொல்லுங்கள். வாப்பா கொழும்பிலும் ஹாங்காங்கிலும் துபாயிலும் பிழைப்பு நடத்த, உம்மாவும் உம்மாவின் உம்மாவும் ராத்தாமாருமாகப் பிள்ளை வளர்வது நம் கரையோர ஊர்களில் எத்தனை தலைமுறையாக உள்ள வாழ்க்கை! திருமணத்திற்குப் பிறகும் பெண் தன் தாய்வீட்டிலேயே இருப்பதும், வீட்டைப் பெண்மக்களுக்கே கொடுப்பதும் காயலின் வழக்கமல்லவா? பிரிவின் துயரம் நமக்குத் தெரியாதது அன்று. வெள்ளிக்கிழமை மாலை கைபேசியின் முன் வரிசையாக நிற்கும் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு அது தெரியும். ஆனால் அது கைவிடப்பட்ட வீடு அன்று. வினாத்தாளில் இருந்த கட்டங்கள் இரண்டே: தந்தை உடன் வாழ்கிறார், வாழவில்லை. மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும் என்பது, வினாத்தாளை எழுதியவருக்கு அவர் ஊரில் இருந்தபோது தோன்ற வாய்ப்பில்லை.

இன்னும் சில பக்கங்கள் கடந்து ஒரு பரிந்துரையைப் படித்தபோது, பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் புதுமுறை ஒன்றைப் பள்ளியில் புகுத்த வேண்டும், மேலைநாடுகளில் அது நற்பயன் தந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் புதுமுறையின் கதையைக் கேளுங்கள். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், ஒருவர்க்கொருவர் சொல்லிக் கொடுப்பதையும் கண்டார். தம் பள்ளியிலும் அதனைக் கையாண்டார். இங்கிலாந்து திரும்பி 1797இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயராலேயே அங்கே பரவியது. 1811இல் தொடங்கிய ஆங்கிலத் திருச்சபைப் பள்ளிகளின் சங்கம் அம்முறையையே கைக்கொண்டது. நம் குர்ஆன் மத்ரஸாக்களில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையை மடியருகில் இருத்தி அலிஃப், பே சொல்லிக் கொடுப்பதை இன்றும் காணலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து கப்பலேறிச் சென்ற சரக்கு, இப்போது ஆலோசனையாகத் திரும்பி வந்திருக்கிறது!

கல்வி என்பதே இங்கே இல்லாதிருந்து வெளியார்தாம் கொண்டுவந்தார்கள் என்று எண்ணுவோர் நம்மிலும் உண்டு. சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822இல் ஒரு கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 1826இல் அவர் தொகுத்துரைத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் பயின்றனர். அவை பெரும்பாலும் ஊராரால் நடத்தப்பட்டவை. குறைகளும் இருந்தன. பெண்கள் மிகச் சிலர். ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பெரும்பாலும் கதவு அடைத்தே இருந்தது. அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது. ஆயினும் வெறுங்கரையில் வந்து இறங்கியவர் எவருமில்லை என்பதற்கு அக்கணக்கு சான்று.

பழைய காயல் வந்தது. மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் துறைமுகம் இதுவே என்று கால்டுவெல் கருதினார். இப்போது கடல் விலகிப் போய், ஊர் உள்நாட்டில் நிற்கிறது. முக்காணியில் தாமிரபரணிப் பாலம். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் வெள்ளத்திற்குப் பின் மீண்டும் தளிர்த்திருந்தன. ஆத்தூரில் இறங்கி வேறு வண்டி பிடித்துப் புன்னைக்காயலுக்குச் சென்றேன். வழியில்லாத வழிதான். ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரை அன்று பார்க்காமல் போக மனம் வரவில்லை. வெளிநாட்டு ஆசான்கள் இக்கரையில் முதன்முதலாகக் கால் பதித்த இடங்களில் அதுவும் ஒன்று.

1542இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தார். தமிழ் அறியாதவர். துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு தம் சமய நம்பிக்கை வாசகங்களைத் தமிழாக்கி, ஊர் ஊராகச் சிறுவர்களைக் கூட்டி ஓதவைத்தார். 1544இல் அவர் தம் உதவியாளருக்கு எழுதிய கடிதமொன்றில் ஒரு திருத்தம் சொல்கிறார்: ‘விசுவசிக்கிறேன்’ என்று பொருள்பட வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று சொல்லி வந்திருக்கிறோம், இனி மாற்றிச் சொல்லுங்கள் என்று. இறைவனை நம்புகிறேன் என்பதற்கு மாறாக இறைவன் வேணும் என்று எத்தனை சிறுவர்கள் எத்தனை நாள் உரக்க ஓதினார்களோ! பிறர் சமயத்தை எள்ளுவதற்காக இதை எழுதவில்லை. தம் பிழையைத் தாமே கண்டுபிடித்துத் திருத்தியது அவருடைய பெருமை. என் கேள்வி வேறு. ஓதிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிழையென்று முதல் நாளே தெரிந்திருக்கும். அவர்களில் எவரும் ஏன் சொல்லவில்லை? சொல்லும் இடத்தில் அவர்கள் வைக்கப்படவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை.

அவருக்குப் பின் 1546இல் வந்தவர் அன்றிக் அடிகள் என்று தமிழர் அழைத்த என்றிக் என்றிக்கஸ். போர்ச்சுக்கல் நாட்டவர். அவர் தமிழைக் கற்றார், இலக்கணமே எழுதும் அளவுக்குக் கற்றார். அவருடைய தமிழ் நூல் 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. ‘அடியார் வரலாறு’ 1586இல் வந்தது. தமிழ் எழுத்தில் அச்சான தொடக்க நூல்கள் இவை. 1600இல் இறக்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் இம்மண்ணிலேயே கிடந்தார். நம் மார்க்கத்தவர்க்கும் போர்ச்சுக்கீசியர்க்கும் அக்காலத்தில் கடலில் நடந்த பகையை நான் மறக்கவில்லை. ஆனாலும் பதினொரு நாளையும் ஐம்பது ஆண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் இயலாது.

நீண்ட காலம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்து, தம் பெயரால் தூத்துக்குடியில் கல்லூரியும் கண்ட கால்டுவெல், திருநெல்வேலி நாடார் சமூகத்தினரைப் பற்றி 1849இல் ஒரு சிறுநூல் எழுதினார். மிஷன் பணிக்கு ஆதரவு தரும் இங்கிலாந்து அன்பர்களும் படிப்பதற்கென்றே எழுதப்பட்டது அது. எவ்வளவு தாழ்ந்த நிலையில் இம்மக்கள் இருக்கிறார்கள் என்று காட்டினால்தானே அங்கே நெஞ்சம் இளகும்! பிற்காலத்தில் அச்சமூகத்தின் பிள்ளைகளே ஆங்கிலம் கற்று அந்நூலைப் படித்தபோது கொதித்தெழுந்தார்கள். இறுதியில் அது புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. என் பையிலிருந்த அறிக்கையின் புகைப்படங்களை மறுபடி புரட்டினேன். சாய்ந்த சுவரின் முன்னே செருப்பில்லாத சிறுமி ஒருத்தி. அவளை எனக்குத் தெரியும். நல்ல வசதியான வீட்டுப் பெண். தொழுகைக்கு உளூச் செய்யப் போகிறவள், செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறாள்.

நண்பகலுக்குள் காயல்பட்டினம் சேர்ந்தேன். பெண்கள் பிறர் கண்ணில் படாமல் நடமாட அமைந்த முடுக்குகளும், பெண்களுக்கெனவே உள்ள தைக்காக்களும் கொண்ட ஊர். 1632இல் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களும், 1816இல் பிறந்து கீழக்கரையில் அறிவொளி பரப்பிய இமாமுல் அரூஸ் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களும் தோன்றிய மண். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் இங்கே ஆண் பெண் இருபாலார்க்கும் கல்வியாக இருந்தது. என் உம்மாவின் உம்மா அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் மாலைகளையும் விளக்கொளியில் தடையின்றி வாசிப்பார்கள். வீட்டுக் கணக்கும் அந்த எழுத்தில்தான். கணக்கெடுக்க வந்தவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதத் தெரியுமா என்று கேட்டார், இல்லை என்றார்கள். படிப்பறிவு இல்லாதவர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பாட்டியார் அதைப் பற்றி வருந்தியதாக நினைவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஆங்கிலக் கல்வியைச் சமயப் பரப்பாளர்களின் கல்வி என்று அஞ்சி நம்மவர் நெடுங்காலம் ஒதுங்கி நின்றதால் நேர்ந்த இழப்பையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அச்சத்தை உடைத்தவர்களுள் ஒருவர் நம் காயலார் நித்தமும் போய்வந்த இலங்கையில் இருந்தார். கண்டியின் அறிஞர் சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிக் கல்விக்காக மன்றாடினார். அடுத்த ஆண்டே, ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று நாடு கடத்தப்பட்ட எகிப்தின் ஒராபி பாஷா கொழும்பில் வந்திறங்கினார். அவரும் வெளிநாட்டார்தாம். அவர் ஊக்கமூட்டினார்; வாப்பிச்சி மரைக்கார் போன்ற உள்ளூர்ச் செல்வர்கள் பொருள் தந்தார்கள்; 1892இல் எழுந்தது ஸாஹிராக் கல்லூரி. பாஷாவிடம் அறக்கட்டளையும் இல்லை, திட்ட அறிக்கையும் இல்லை. பதினெட்டு ஆண்டுக்கு மேல் அம்மக்களிடையே வாழ்ந்தார். முடிவெடுத்தவர்கள் ஊர்க்காரர்கள்.

அஸருக்குப் பின் கூட்டம் தொடங்கியது. செயலாளர் நிபந்தனைகளைத் தமிழில் படித்தார். கட்டட நிதி பள்ளியின் கைக்கு வராது. வெளிநாட்டு நன்கொடை பற்றிய 2010ஆம் ஆண்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டுத் திருத்தமும் அப்படி. பதிவு பெற்ற ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க இயலாது. ஆகவே அவர்களின் இந்தியக் கிளையே கட்டித் தரும். அதற்கு ஈடாக மூன்றாண்டுகள் அவர்களின் திட்டத்தைப் பள்ளி பின்பற்ற வேண்டும். திட்டத்தில் மூன்று செய்திகள் முக்கியம். தொடக்க வகுப்புகளில் ஆசிரியை கைக்கணினியில் வரும் பாடத்தைச் சொல் பிசகாமல் படிக்க வேண்டும். பள்ளி தன் காலில் நிற்பதற்காக, அநாதைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் உள்ள அரைக் கட்டணச் சலுகையை நிறுத்த வேண்டும். பத்தாம் வகுப்போடு பெண்பிள்ளைகள் நின்றுவிடுவது பெற்றோரின் மனப்போக்கால். அதை மாற்ற விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்த வேண்டும்.

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். “காக்கா, கோபப்படாமல் கேளுங்கள். கென்யாவில் இதே முறையில் நடக்கும் பள்ளிகளில் பிள்ளைகள் மற்றப் பள்ளிகளைவிட அதிகம் கற்றிருக்கிறார்கள் என்று நோபல் பரிசு பெற்றவரே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரன் சொன்னால் தப்பு என்பது என்ன நியாயம்?”

அவர் சொன்னது பொய்யன்று. பிரிட்ஜ் என்ற அந்நிறுவனம் 2009இல் நைரோபியின் சேரியொன்றில் முதற்பள்ளியைத் தொடங்கியது. பில் கேட்ஸ், ஸக்கர்பர்க் போன்றோரும், உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகமும் முதலீடு செய்தனர். மைக்கேல் கிரெமர் முதலியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே பிள்ளைகளின் கற்றல் கணிசமாக உயர்ந்ததாகவே காட்டியது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. உகாண்டாவில் உரிய அனுமதியும் சுகாதார வசதியும் இல்லையென்று அரசு மூட ஆணையிட்டதை 2016 நவம்பரில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. லைபீரியாவில் அரசு அந்த ஆண்டே அரசுப் பள்ளிகள் சிலவற்றைத் தனியாரிடம் ஒப்படைத்தபோது, பெரிய வகுப்புகளிலிருந்த பிள்ளைகளை இந்நிறுவனம் வெளியேற்றியதை மதிப்பீட்டாளர்கள் பதிவு செய்தார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றிய புகார்கள் எழுந்தன. 2022இல் சர்வதேச நிதிக் கழகம் தன் முதலீட்டை விலக்கிக்கொண்டது. விலகுவோர் விலகிவிடலாம். வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை எங்கே விலகுவது?

நான் ஹைதராபாத்தை நினைவுபடுத்தினேன். 2000ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டூலி என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் அதே நிதிக் கழகத்தின் ஆலோசகராக, வசதி படைத்தோரின் தனியார் கல்வி நிலையங்களை ஆராய வந்தார். விடுமுறை நாளில் சார்மினாருக்குப் பின்னுள்ள சந்துகளில் நடந்தபோது, நம் சமுதாயத்து ஏழைப் பெற்றோர் சொற்பக் கட்டணம் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் சிறுபள்ளிகள் தெருவுக்குத் தெரு இருப்பதைக் கண்டு வியந்தார். 2009இல் அதை நூலாக்கினார். எந்த ஆலோசகரும் சொல்லித் தராமல், எந்த வெளிநாட்டு நிதியும் இல்லாமல் நடந்தவை அவை. அங்கே ஆசிரியைகளின் ஊதியம் வருந்தத்தக்க அளவில் குறைவு என்பதும் உண்மை. டூலியின் முடிவுகள் அனைத்தையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் வினாத்தாளை வைத்துவிட்டு நடந்து பார்த்தார்.

பள்ளியில் முப்பது ஆண்டு பணிபுரிந்த மூத்த ஆசிரியை பிறகு பேசினார். உரத்துப் பேசும் வழக்கமில்லாதவர். “பெண்பிள்ளைகள் நிற்பது எங்கள் மனப்போக்கால் இல்லை. பதினொன்றாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு. அது முடிவதற்குள் நாலே முக்கால் பஸ் போய்விடுகிறது. அடுத்தது இருட்டிய பிறகுதான். சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போவார்கள்? அவரிடம் இதைச் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதவும் செய்தார். அறிக்கையில் காணோம்.”

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு இமாம் ஹஸ்ரத் ஒரு வரலாற்றை எடுத்துரைத்தார்கள். பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் பணம் கொடுத்து மீள இயலாத, எழுத்தறிந்தவர்கள் மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். கற்பித்தவர்கள் பகைவர்கள். ஆயினும் கல்வியை மறுக்கவில்லை. என்ன கற்பிப்பது, எத்தனை பேருக்கு என்பதை மதீனாதான் வகுத்தது. ஹஸ்ரத் அவர்கள் அதற்கு மேல் விளக்கம் சொல்லாமல் அமர்ந்துவிட்டார்கள்.

இளைஞர் மீண்டும் எழுந்து கேட்டது என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. “அப்படியானால் நாங்கள் மட்டும் என்ன? துபாயிலிருந்து நாங்களும் பணத்தோடு புத்தியும் அனுப்புகிறோமே. ஸ்மார்ட் வகுப்பு வேண்டும், அது வேண்டும், இது வேண்டும் என்று. அதை ஏன் மறுப்பதில்லை?” செயலாளர் காக்கா சிரித்தார், பதில் சொல்லவில்லை. வாசகர்களே, வெளிநாடுகளில் நல மன்றங்கள் நடத்தும் உங்களுள் பலரும் இதைப் படிக்கக்கூடும். இந்தியக் குடியுரிமையுள்ளவர் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து முறைப்படி வங்கி வழியே அனுப்பும் நன்கொடை, சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடை அன்று. ஆனால் இருபது ஆண்டு ஊரைவிட்டிருந்தவரின் ஆலோசனை எந்தக் கணக்கில் சேரும் என்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மஃரிப் பாங்கு சொல்லும் வேளையில் முடிவானது. ஆய்வுக்கூடத்தையும் நூலகத்தையும் நன்றியோடு ஏற்போம். அரைக் கட்டணத்தை நிறுத்த இயலாது. கைக்கணினிப் பாடத்தை ஒரு வகுப்பில் ஓராண்டு சோதித்துப் பார்க்கலாம், அதற்கு ஆலோசகர் ஜூன் முதல் ஏப்ரல் வரை இங்கேயே தங்கி எங்கள் ஆசிரியையோடு சேர்ந்து நடத்தித் தர வேண்டும். தங்குமிடமும் உணவும் ஊர் தரும். அவ்வாறே கடிதம் போனது. ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் விதிகளில் அதற்கு இடமில்லை என்று பணிவோடு எழுதி, திட்டத்தை வேறோர் ஊருக்கு மாற்றியிருந்தார்கள்.

இழப்பு சிறிதன்று. ஆய்வுக்கூடம் அந்த ஆண்டு முழுதும் திறக்கப்படவில்லை. செய்முறைத் தேர்வுக்குப் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அழைத்துச் சென்றார்கள். பெற்றோர் சிலர் நேரிலேயே குறை கூறினார்கள். எங்கள் முடிவு சரிதானா என்று எனக்கும் சில இரவுகள் உறக்கம் வரவில்லை. சுற்றுச்சுவரை மட்டும் ஜமாஅத்தார் ரமழானுக்கு முன் எழுப்பிவிட்டார்கள்.

அந்தத் துபாய் இளைஞர் திரும்பிப் போகுமுன் மூத்த ஆசிரியையின் வீட்டுக்குச் சென்று, எந்தெந்தக் கிராமத்திலிருந்து எத்தனை பெண்பிள்ளைகள் வருகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனாராம். மறு ஆண்டு பள்ளி திறந்தபோது பழைய வேன் ஒன்று வாசலில் நின்றது. மாலை ஆறு மணிக்குப் புறப்படுகிறது. ஓட்டுநர் ஊர்க்காரர். முன்னிருக்கையில் ஆசிரியை ஒருவர் முறைவைத்து உடன் செல்கிறார். சென்ற மாதம் நான் போயிருந்தபோது பின்னிருக்கைகளில் இடமில்லாமல் இரண்டு பிள்ளைகள் புத்தகப் பைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு வேன் வேண்டும் என்று செயலாளர் காக்கா என்னிடமே வசூலைத் தொடங்கிவிட்டார்.